மறைய இடமில்லாத கட்டி

வெள்ளை பனியனில் ஒரு துளி

2019-ஆம் ஆண்டு. மாத்யூ நோல்ஸ் அணிந்திருந்த வெள்ளை பனியனில் பொட்டளவு ரத்தக் கறை இருந்தது. எங்கேயோ பட்டிருக்கும் என்று விட்டுவிட்டார். மறுநாளும் அதே கறை. இடையில் ஓரிரு நாள் ஒன்றுமில்லை. பிறகு மறுபடியும் ஒரு துளி. மனைவியிடம் சொன்னபோது, படுக்கை விரிப்பைத் துவைக்க எடுத்தபோது அதிலும் ஒரு புள்ளியைப் பார்த்ததாக அவர் சொன்னார். அதற்கு மேல் நோல்ஸ் காத்திருக்கவில்லை. மருத்துவரிடம் போனார். மேமோகிராம், ஸ்கேன், ஊசி வழியே சதையெடுத்துப் பரிசோதனை என்று ஒன்றன்பின் ஒன்றாக நடந்தன. மார்பகப் புற்றுநோய், முதல் நிலை என்று தெரிந்தது. ஜூலை மாதம் அறுவை சிகிச்சை. அக்டோபரில் தொலைக்காட்சியில் தோன்றி, தனக்கு வந்த நோயின் பெயரை ஊரறியச் சொன்னார்.

பாடகி பியான்சேயின் தந்தை அவர் என்பதால் செய்தி உலகமெங்கும் போனது. ஆனால் அவர் சொன்னவற்றில் நாம் நின்று கவனிக்க வேண்டியவை வேறு இரண்டு. 1980-களில் நோல்ஸ் ஜெராக்ஸ் நிறுவனத்தின் மருத்துவப் பிரிவில் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தவர். அவர் மருத்துவமனைகளுக்கு விற்றது மார்பகப் புற்றுநோயைக் கண்டுபிடிக்கும் எக்ஸ்ரே கருவி. அதோடு, அவருடைய அம்மாவின் சகோதரி வீட்டில் தாயும் மகள்களுமாக மூவரை இந்த நோய் கொண்டுபோயிருந்தது. தொழிலாலும் குடும்பத்தாலும் இந்த நோயை இவ்வளவு அருகில் பார்த்தவருக்கே, முதல் நாள் பனியனில் ரத்தத்தைக் கண்டபோது அது பெரிதாகத் தோன்றவில்லை.

ஆணின் மார்பில் தோலுக்கும் தசைக்கும் நடுவே இருக்கும் இடம் மிகக் குறைவு. அங்கே ஒரு பட்டாணி அளவுக்குக் கட்டி வந்தாலும் விரலில் தட்டுப்படும். கணையத்திலோ நுரையீரலிலோ வரும் புற்றுநோய் இப்படி ஒருநாளும் கைக்கு அகப்படாது. அப்படியிருந்தும், பெண்களோடு ஒப்பிட்டால் ஆண்களின் மார்பகப் புற்றுநோய் முற்றிய நிலையில்தான் அதிகம் கண்டுபிடிக்கப்படுகிறது. மறைய இடமே இல்லாத ஒரு கட்டி எப்படி இத்தனை நாள் மறைந்திருக்கிறது? இந்த அத்தியாயம் அந்தக் கேள்வியைப் பற்றியது.

கருவில் விழுந்த கோடு

‘ஆணுக்கு மார்பகம் ஏது?’ என்பதுதான் எல்லோரும் முதலில் கேட்பது. பதில் தாயின் வயிற்றில் இருக்கிறது.

கரு உருவாகி ஐந்தாறு வாரங்கள் ஆகும்போது, அதன் அக்குளிலிருந்து தொடையிடுக்கு வரை இரு பக்கமும் மெல்லிய மேடு ஒன்று ஓடுகிறது. இதைப் பால்கோடு என்பார்கள். மனிதக் கருவில் இதன் பெரும்பகுதி வந்த சுவடே தெரியாமல் மறைந்து, மார்புப் பகுதியில் மட்டும் தங்கிவிடும். சிலருக்கு மார்புக்குச் சற்றுக் கீழே மச்சம் போலத் தோன்றும் கூடுதல் காம்பு, இந்தக் கோடு முழுதாக மறையாததால் வந்தது.

இந்தக் கோடு விழும் நேரத்தில் கரு ஆணா பெண்ணா என்பது குரோமோசோமில் எழுதப்பட்டிருக்குமே தவிர, உடல் அந்த வழியில் இன்னும் நடக்கத் தொடங்கியிருக்காது. ஒய் குரோமோசோமில் உள்ள மரபணு விழித்துக்கொண்டு, விரைகள் உருவாகி, டெஸ்டோஸ்டீரோன் சுரக்கத் தொடங்குவது அதற்குப் பிறகுதான். அதற்குள் காம்புக்கான அடித்தளம் இரு பாலருக்கும் போடப்பட்டுவிடுகிறது.

பருவம் வரும்வரை சிறுவனின் மார்பும் சிறுமியின் மார்பும் ஏறக்குறைய ஒன்றுதான். காம்புக்குப் பின்னால் சில பால் நாளங்கள் மட்டும் இருக்கும். பருவ வயதில் சிறுமியின் உடலில் ஈஸ்ட்ரோஜன் பெருகும்போது அந்த நாளங்கள் கிளைவிட்டு, முனைகளில் பால் சுரக்கும் மடல்கள் உருவாகின்றன. சிறுவனின் உடலில் டெஸ்டோஸ்டீரோன் அந்த வளர்ச்சியை அடக்கி வைக்கிறது. அடக்கி வைக்கிறதே ஒழிய, இருப்பதை அழித்துவிடுவதில்லை. எழுபது வயதுத் தாத்தாவின் காம்புக்குப் பின்னாலும் அந்தச் சில நாளங்கள் இருக்கத்தான் செய்கின்றன.

மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் தொடங்குவது இந்த நாளங்களின் உட்சுவரில். நாளம் இருக்கும் இடத்தில் நோயும் வரலாம். ஆண்களுக்கு வரும் மார்பகப் புற்றுநோயில் நூற்றுக்குச் சுமார் 85 நாளப் புற்றுநோய்தான். மடல்களில் தொடங்கும் வகை ஆண்களிடம் மிக அரிது. மடல்களே அவர்களுக்கு அநேகமாக இல்லை என்பதுதான் காரணம். நோய் ஆண் பெண் பார்த்து வருவதில்லை, திசுவைப் பார்த்தே வருகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சி வேண்டியதில்லை.

எண்ணிக்கையைச் சொல்லிவிட வேண்டும். மார்பகப் புற்றுநோய் வரும் நூறு பேரில் ஏறக்குறைய ஒருவர் ஆண். அமெரிக்காவில் ஆண்டுக்குச் சுமார் 2,800 ஆண்களிடம் இது புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறது; சுமார் 500 பேர் இறக்கிறார்கள். அந்த நாட்டில் பெண்களில் எட்டில் ஒருவருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது என்றால், ஆண்களில் ஆயிரத்தில் ஓரிருவருக்கு வருகிறது. அரிய நோய்தான். ஆனால் வந்தவருக்கு அது அரியதாக இருந்து என்ன பயன்?

கையில் அகப்பட்டும் காலம் கடப்பது ஏன்

அமெரிக்காவில் 2004 முதல் 2014 வரை மார்பகப் புற்றுநோய் கண்டறியப்பட்ட 18 லட்சம் பேரின் பதிவுகளை வாண்டர்பில்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அலசி, 2019-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களில் 16,025 பேர் ஆண்கள். கண்டறிந்து ஐந்து ஆண்டுகளுக்குப் பிறகு உயிரோடு இருந்த பெண்கள் 86.4 சதவீதம், ஆண்கள் 77.6 சதவீதம். நோயின் தன்மை, எந்த நிலையில் கண்டறிந்தார்கள், போதிய சிகிச்சை கிடைத்ததா என்பவற்றைக் கணக்கில் எடுத்தால் இந்த இடைவெளியில் பாதிக்கு மேல் விளங்கிவிடுகிறது. அதாவது, ஆணின் விதியில் எழுதியதாக இதை ஏற்றுக்கொள்ள வேண்டியதில்லை. இடைவெளியில் ஒரு பங்கையாவது மனிதர்கள் நினைத்தால் குறைக்கலாம்.

தாமதத்துக்கு உடலமைப்பிலும் ஒரு காரணம் உண்டு. இடம் குறைவு என்பதால் கட்டி எளிதில் தட்டுப்படும் என்றேன். அதே காரணத்தால் கட்டிக்குத் தோலும் அருகில், காம்பும் அருகில், நெஞ்சுத் தசையும் அருகில். பெண்ணின் மார்பகத்தில் இரண்டு சென்டிமீட்டர் கட்டி சுற்றிலும் கொழுப்புத் திசுவோடு தனித்து நிற்கக்கூடும். ஆணின் மார்பில் அதே அளவுக் கட்டி அதற்குள் தோலைத் தொட்டிருக்கும். ஆகவே ஆணுக்கு அவகாசம் குறைவு. அவகாசம் குறைந்த இடத்தில்தான் நாம் மாதக்கணக்கில் காத்திருக்கிறோம்.

அந்தக் காத்திருப்பு நம் வீடுகளில் எப்படி நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். காம்புக்குப் பக்கத்தில் ஏதோ கெட்டியாக இருக்கிறது. வலி இல்லை. ‘சூட்டுக் கட்டி, தானாக அமுங்கிவிடும்’ என்று ஒருவர் சொல்வார். ‘கொழுப்புக் கட்டி, தொடாமல் இருந்தாலே போதும்’ என்று இன்னொருவர். போன மாதம் வண்டியிலிருந்து விழுந்தது நினைவுக்கு வரும். அன்று அடிபட்டது கட்டியாக நிற்கிறது என்று கணக்கு நேராகிவிடும். மஞ்சள் பற்றுப் போடுவார்கள், வெந்நீர் ஒத்தடம் கொடுப்பார்கள். வலிக்காத கட்டிக்கு வேலையைக் கெடுத்துக்கொண்டு யார் மருத்துவமனைக்குப் போவது? ஆனால் இந்த நோயில் வலியின்மைதான் நம்மை ஏமாற்றுகிறது. ஆண்களின் மார்பகப் புற்றுநோய் பெரும்பாலும் வலிக்காத கட்டியாகவே தொடங்கும்.

தாமதத்தில் ஒரு பங்கு கூச்சத்துக்கும் உண்டு. திருச்செந்தூர்க் கோயிலில் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் ஆண்கள் உள்ளே போகிறார்கள். கோடையில் வீட்டுத் திண்ணையில் வெற்று மார்போடு உட்காருவதில் யாருக்கும் தயக்கமில்லை. அந்த மார்பில் ஒரு கட்டி என்றதும் மட்டும் பேச்சு அடங்கிவிடுகிறது. ‘பொம்பளைங்களுக்கு வர்ற நோய் உனக்கா?’ என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற அச்சம். ‘ஷாஃப்ட்’ படத்தின் நாயகன் ரிச்சர்ட் ரவுண்ட்ரீக்கு 1993-இல் இந்த நோய் வந்தது. திரையில் வீரத்தின் உருவமாகக் கொண்டாடப்பட்ட அவரே பல ஆண்டுகள் அதை வெளியே சொல்லவில்லை. அமெரிக்க செனட் அவைக்கு மக்கள் வாக்கால் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் கறுப்பின உறுப்பினர் எட்வர்ட் புரூக். எண்பது வயதைக் கடந்த பிறகு, 2002-இல் அவருக்கு இந்த நோய் கண்டறியப்பட்டது. மறுவருடமே பொதுவெளியில் அதைச் சொல்லி, மற்ற ஆண்களை எச்சரித்தார். அதற்குப் பிறகும் பத்தாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 95-ஆவது வயதில் 2015-இல் காலமானார்.

பதின்மூன்றாம் குரோமோசோம்

புற்றுநோய் மரபியலில் மிகப் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்றுக்கு வழி காட்டியவர்கள் மார்பகப் புற்றுநோய் வந்த ஆண்கள். அந்தக் கதை பலருக்குத் தெரியாது.

1990-இல் அமெரிக்க மரபியலாளர் மேரி-கிளேர் கிங், குடும்பங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் மார்பகப் புற்றுநோய்க்குக் காரணமான ஒரு மரபணு பதினேழாம் குரோமோசோமில் இருப்பதைக் காட்டினார். அதுதான் பிஆர்சிஏ-1. அந்த மரபணுவைப் பிரித்தெடுக்க உலகமெங்கும் போட்டி நடந்துகொண்டிருந்தபோது, இங்கிலாந்தில் மைக்கேல் ஸ்ட்ராட்டனின் குழு ஒரு வினோதத்தைக் கவனித்தது. ஆண் ஒருவருக்காவது இந்த நோய் வந்திருந்த குடும்பங்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, அவற்றில் நோய் பதினேழாம் குரோமோசோமோடு சேர்ந்து இறங்கி வரவில்லை. அப்படியானால் காரணம் வேறெங்கோ இருக்க வேண்டும். 1994-இல் அந்த இடம் பதின்மூன்றாம் குரோமோசோம் என்று தெரிந்தது. 1995 டிசம்பரில் மரபணுவே கிடைத்துவிட்டது. அதற்கு பிஆர்சிஏ-2 என்று பெயரிட்டார்கள். இன்று உலகெங்கும் இலட்சக்கணக்கான பெண்கள் தங்கள் ஆபத்தை முன்கூட்டியே அறிய உதவும் பரிசோதனையில் பாதி இந்த மரபணுவைப் பற்றியது.

பிஆர்சிஏ-2-இன் வேலை பழுதுபார்ப்பது. டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் ஒரே இடத்தில் அறுந்துபோனால், அதைப் பிழையில்லாமல் இணைக்கும் புரதத்தை அறுந்த இடத்துக்குக் கொண்டுபோய் அமர்த்துவது இதன் கடமை. இந்த மரபணு கெட்டுப்போனால் அறுந்த இடங்கள் தப்பும் தவறுமாக இணைக்கப்படும். பிழைகள் சேரச் சேர, ஏதோ ஒரு செல் கட்டுப்பாட்டை மீறிப் பெருகத் தொடங்கும்.

இதன் விளைவை மிகத் தெளிவாகப் பார்க்க முடிந்த நாடு ஐஸ்லாந்து. சிறிய மக்கள்தொகை, நெடுங்காலமாக எழுதி வைக்கப்பட்ட வம்சாவளிகள். அந்நாட்டு மக்களில் ஆயிரத்துக்கு ஆறு பேரிடம் பிஆர்சிஏ-2-இல் ஒரே மாதிரியான பிழை இருக்கிறது. அந்த மரபணுவின் பல்லாயிரம் எழுத்துகளில் வெறும் ஐந்து எழுத்துகள் விடுபட்டுப் போயிருக்கின்றன. எங்கோ ஒரு முன்னோரிடம் நேர்ந்த அந்த ஐந்தெழுத்துப் பிழை, மார்பகப் புற்றுநோய் வந்த ஐஸ்லாந்து ஆண்களில் சுமார் 40 சதவீதம் பேரிடம் காணப்பட்டது. பின்னாளில் அங்கே பெரும் மரபணு ஆராய்ச்சி நடத்திய காரி ஸ்டெஃபான்சனின் நிறுவனத்துக்கு, யார் யாரிடம் அந்தப் பிழை இருக்கக்கூடும் என்பது தெரிந்திருந்தது. சட்டம் அதை அவர்களிடம் சொல்ல விடவில்லை. பல ஆண்டு விவாதத்துக்குப் பிறகு, 2018-இல், விரும்பும் குடிமக்கள் தாங்களே கேட்டுத் தெரிந்துகொள்ள வழி செய்யப்பட்டது. பல்லாயிரம் பேர் கேட்டார்கள்.

பிஆர்சிஏ-2 பிழையோடு பிறந்த ஆண்கள் நூறு பேரில் நான்கு முதல் எட்டுப் பேருக்கு வாழ்நாளில் மார்பகப் புற்றுநோய் வரலாம் என்று ஆய்வுகள் கணக்கிடுகின்றன. பிராஸ்டேட், கணையப் புற்றுநோய்களின் வாய்ப்பும் அவர்களுக்குக் கூடுகிறது. இந்தப் பிழை தாய்வழியும் வரும், தந்தைவழியும் வரும். பெற்றவர் யாராக இருந்தாலும் ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. நோல்ஸின் உடலிலும் இருந்தது இதுதான். அவர் அந்தத் தொலைக்காட்சிப் பேட்டியில் தன் மகள்களையும் பேரப்பிள்ளைகளையும் பற்றிப் பேசியது அதனால்தான்.

ஹார்மோன்களின் கணக்கு

மரபணுவைத் தாண்டினால் அடுத்த பெரிய காரணம் வயது. ஆண்களுக்கு இது பெரும்பாலும் அறுபதைக் கடந்த பிறகு வருகிறது. அதற்கடுத்தது ஈஸ்ட்ரோஜனுக்கும் டெஸ்டோஸ்டீரோனுக்கும் இடையிலான அளவு மாறிப்போவது. ஆணின் உடலிலும் ஈஸ்ட்ரோஜன் உண்டு. கொழுப்புத் திசுவில் உள்ள ஒரு நொதி டெஸ்டோஸ்டீரோனை ஈஸ்ட்ரோஜனாக மாற்றுகிறது. உடற்பருமன் கூடினால் இந்த மாற்றமும் கூடும். கல்லீரல் சுருங்கிக் கெட்டுப்போனால் ஹார்மோன்களைச் சமன் செய்யும் வேலை தடைப்படும். குடிப்பழக்கம் இந்த வழியாகத்தான் மார்பை வந்தடைகிறது. விரை இறங்காமல் பிறந்தவர்களுக்கும், பொன்னுக்கு வீங்கி வந்து விரை பாதிக்கப்பட்டவர்களுக்கும் ஆபத்து சற்று அதிகம். எல்லாவற்றிலும் மேலான ஆபத்து கிளைன்ஃபெல்டர் நிலை உள்ளவர்களுக்கு. சில நூறு ஆண் குழந்தைகளில் ஒன்று கூடுதலாக ஓர் எக்ஸ் குரோமோசோமோடு, எக்ஸ்-எக்ஸ்-ஒய் என்று பிறக்கிறது. பலருக்குக் குழந்தைப்பேற்றுக்கான பரிசோதனைக்குப் போகும்வரை தங்களுக்கு அது இருப்பதே தெரியாது. மற்ற ஆண்களைக் காட்டிலும் இவர்களுக்கு மார்பகப் புற்றுநோய் வாய்ப்பு பல மடங்கு கூடுதல்.

இங்கே ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். மார்பு பெருப்பதெல்லாம் புற்றுநோய் இல்லை. பருவ வயதுச் சிறுவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் காம்புக்கடியில் மார்பு சற்றுப் பெருக்கும். ஓரிரு ஆண்டில் பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். முதுமையிலும் இது வரும். ஸ்பைரனோலாக்டோன் போன்ற சில மருந்துகளாலும் வரும். இது காம்பை நடுவாக வைத்து, ரப்பர் வட்டு போல அமுங்கும், தொட்டால் வலிக்கும், பல நேரம் இரு பக்கமும் இருக்கும். புற்றுநோய்க் கட்டி பொதுவாக ஒரு பக்கத்தில், காம்பின் மையத்தை விட்டுச் சற்று விலகி, கெட்டியாக, ஓரம் ஒழுங்கில்லாமல், வலியில்லாமல் இருக்கும். ஆனால் இந்த வேறுபாட்டை வைத்து வீட்டிலேயே முடிவு கட்டிவிடக் கூடாது. அந்த முடிவை மருத்துவரிடம் விட்டுவிடுவதுதான் பாதுகாப்பு.

லெஜூன் முகாமின் தண்ணீர்

மைக் பார்ட்டெய்னுக்கு 39 வயது. 2007-இல் ஒரு நாள் தூங்கப் போகும் முன் அவர் மனைவி அவரை அணைத்துக்கொண்டபோது, மார்பில் ஏதோ கையில் இடறியது. மார்பகப் புற்றுநோய். குடும்பத்தில் யாருக்கும் வந்ததில்லை, மரபணுப் பிழையும் இல்லை. வயதும் இல்லை. பிறகு எப்படி?

அவர் பிறந்தது அமெரிக்காவின் வட கரோலினாவில் உள்ள லெஜூன் மரைன் படை முகாமில். 1950-களிலிருந்து 1980-களின் நடுப்பகுதி கடந்தும் அந்த முகாமின் குடிநீரில் கிரீஸ் நீக்கும் கரைப்பான்கள், உலர் சலவைக்கான ரசாயனம், பென்சீன் ஆகியவை கலந்திருந்தன. பார்ட்டெய்ன் தன் கதையை வெளியே சொன்னதும், அதே முகாமில் வசித்த, மார்பகப் புற்றுநோய் வந்த ஆண்கள் ஒவ்வொருவராக அவரைத் தேடி வந்தார்கள். ஆயிரத்தில் ஓரிருவருக்கு வரும் நோய் கொண்ட ஆண்கள் பல பத்துப் பேர், ஒரே முகாமோடு தொடர்புடையவர்களாக இருந்தார்கள்.

அரசு நடத்திய ஆய்வு 2015-இல் வெளியானது. அந்த ரசாயனங்களுக்கும் ஆண்களின் மார்பகப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று அது சுட்டியது. நோயாளிகளின் எண்ணிக்கை சிறியது என்பதால் திட்டவட்டமாகச் சொல்ல முடியவில்லை. 2022 ஆகஸ்டில் அமெரிக்க நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம், அந்தத் தண்ணீரைக் குடித்தவர்கள் இழப்பீடு கேட்டு வழக்குத் தொடர வழி திறந்தது. கதிர்வீச்சைப் பற்றிய சான்று இதைவிட உறுதியானது. ஜப்பானில் அணுகுண்டு வீச்சில் தப்பியவர்களைப் பல பத்தாண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், உடலில் பட்ட கதிர்வீச்சு கூடக் கூட ஆண்களின் மார்பகப் புற்றுநோயும் கூடியிருந்தது. வேறு நோய்க்காக இளமையில் மார்பில் ரேடியேஷன் சிகிச்சை பெற்றவர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

விரல்களுக்குத் தெரியும்

ஆண்கள் எல்லோரும் மேமோகிராம் எடுத்துக்கொள்ளத் தேவையில்லை. இவ்வளவு அரிதான நோய்க்கு எல்லோரையும் சோதித்தால், நோய் இல்லாத ஆயிரக்கணக்கானோர் வீண் பயத்துக்கும் வீண் ஊசிக்கும் ஆளாவார்கள். பிஆர்சிஏ-2 பிழை உள்ள ஆண்களுக்கு நிலைமை வேறு. முப்பத்தைந்து வயதிலிருந்து அவர்கள் தங்கள் மார்பைத் தாங்களே கவனித்து வரவும், ஆண்டுக்கொரு முறை மருத்துவரிடம் காட்டவும் அமெரிக்க வழிகாட்டு நெறிகள் சொல்கின்றன. ஐம்பதைத் தொடும்போது மேமோகிராம் பற்றி யோசிக்கலாம். மற்ற ஆண்களுக்கு முன்கூட்டியே கண்டறிவது என்றால், தன் உடம்பில் வழக்கத்துக்கு மாறாக ஒன்று வந்தால் அதை அறிந்திருப்பது.

அதற்குத் தனி நேரம் ஒதுக்க வேண்டாம். சோப்புப் போட்டுக் குளிக்கும்போது மாதம் ஒருமுறை, விரல் நுனிகளைத் தட்டையாக வைத்துக் காம்பிலிருந்து வெளிப்புறமாகச் சின்னச் சின்ன வட்டமாகத் தடவிப் பாருங்கள். காம்பைச் சுற்றிய கருவட்டத்துக்கு அடியில் கூடுதல் கவனம் வேண்டும். ஆண்களின் கட்டிகள் பெரும்பாலும் அங்கேதான் வருகின்றன. பிறகு அக்குள். அங்கே நெறி கட்டியதுபோல் உருண்டு நிற்கிறதா? கண்ணாடி முன் கைகளைத் தூக்கி இரண்டு பக்கத்தையும் ஒப்பிடுங்கள். ஒரு காம்பு மட்டும் உள்ளே இழுத்துக்கொண்டிருப்பது, தோல் சுருங்கிக் குழி விழுவது, காம்பில் ஆறாத புண் அல்லது செதில், ரத்தமோ நீரோ கசிவது ஆகிய எதையும் தள்ளிப்போடக் கூடாது. இரண்டு வாரமாகியும் கரையாத கட்டி என்றால் மருத்துவரைப் பாருங்கள். ரத்தக் கசிவு என்றால் அந்த இரண்டு வாரமும் வேண்டாம்.

மருத்துவமனையில் நடப்பது மூன்று. மருத்துவர் கையால் பார்ப்பார். மேமோகிராமும் அல்ட்ராசவுண்டும் எடுப்பார்கள். பெண்களுக்கான அதே கருவிதான், ஆணுக்கும் எடுக்க முடியும். சந்தேகம் இருந்தால் சற்றுத் தடித்த ஊசியால் திசுவில் ஒரு துணுக்கை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பார்கள். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். கொழுப்புக் கட்டி என்று சொல்லி மரத்துப்போகும் ஊசி போட்டு வெட்டி எடுத்தாலும், எடுத்த சதை பரிசோதனைக் கூடத்துக்குப் போனதா என்று கேளுங்கள். அந்த அறிக்கை கைக்கு வரும்வரை விஷயம் முடியவில்லை.

யாருக்காக எழுதப்பட்ட மருந்து

மார்பை விட்டு வெளியே பரவும் முன் கண்டறிந்தால், ஐந்து ஆண்டு கடந்து வாழ்கிறவர்கள் ஒப்பீட்டளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்துக்குக் குறையாது என்று அமெரிக்கப் பதிவுகள் காட்டுகின்றன. தொலைவான உறுப்புகளுக்குப் பரவிய பிறகு என்றால் அது ஐந்தில் ஒருவராகக் குறைந்துவிடுகிறது. இந்த இரண்டு எண்களுக்கு நடுவே இருப்பது பெரும்பாலும் காலம்தான்.

சிகிச்சைக்கு ஆண்களின் நோய் ஒரு விதத்தில் இணங்கி வருகிறது. ஒன்பது நாடுகளில் 1990 முதல் 2010 வரை சிகிச்சை பெற்ற 1,483 ஆண்களின் விவரங்களை ஒரு பன்னாட்டு ஆய்வு 2018-இல் வெளியிட்டது. ஆய்வகத்தில் மறுபடி சோதித்த கட்டிகளில் 99 சதவீதம் ஈஸ்ட்ரோஜனை நம்பி வளர்பவை. ஈஸ்ட்ரோஜன் வந்து பொருந்தும் இடத்தை அடைத்துவிட்டால் அவற்றை ஒடுக்கலாம். அதைச் செய்யும் மாத்திரை டமாக்சிஃபென். 1960-களில் பிரிட்டனில் டோரா ரிச்சர்ட்சன் என்ற வேதியியலாளர் கருத்தடை மருந்துக்கான தேடலில் உருவாக்கிய சேர்மம் அது. அந்த வேலைக்கு உதவாமல் போய், பின்னாளில் இலட்சக்கணக்கான உயிர்களைக் காத்தது. ஐந்து முதல் பத்து ஆண்டுகள் அதை விழுங்க வேண்டும். உடம்பில் திடீர்ச் சூடு, எடை கூடுவது, தாம்பத்திய ஆர்வம் குறைவது என்று தொல்லைகள் உண்டு. ஆண்களில் பலர் யாரிடமும் சொல்லாமல் பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். நிறுத்தும் முன் மருத்துவரிடம் பேசுங்கள் என்பதைத் தவிர இதற்குச் சுருக்கு வழி கிடையாது.

அதே ஆய்வு இன்னொன்றையும் காட்டியது. நோய் பரவாத ஆண்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குக் கட்டி இரண்டு சென்டிமீட்டருக்குள் இருந்தும், மார்பை முழுதாக அகற்றாமல் கட்டியை மட்டும் எடுத்தது நூற்றுக்கு நான்கு பேருக்குத்தான். ஹார்மோன் சிகிச்சை கொடுக்கப்பட வேண்டியவர்களிலும் எல்லோருக்கும் அது கிடைக்கவில்லை. ஆணுக்கு மார்பு போனால் என்ன என்ற நினைப்பு மருத்துவ அறைக்குள்ளும் இருந்திருக்கிறது. கண்ணாடியில் தன் மார்பின் ஒரு பக்கம் வெறுமையாக, குறுக்கே தழும்போடு கிடப்பதைப் பார்க்கும் ஆணுக்கும் வருத்தம் உண்டு. சட்டையைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் அதை அவர் நினைப்பார்.

மருந்துகளைச் சோதிக்கும் ஆய்வுகளில் நெடுங்காலம் ஆண்களைச் சேர்த்துக்கொண்டதே இல்லை. பெண்களிடம் கண்ட பலனை வைத்தே ஆண்களுக்கும் மருந்து கொடுத்தார்கள். எல்லா மருந்தும் அப்படிப் பொருந்திவிடாது. கொழுப்புத் திசுவில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தடுக்கும் மாத்திரைகள் மாதவிடாய் நின்ற பெண்களிடம் நன்றாக வேலை செய்கின்றன. ஆணுக்கு ஈஸ்ட்ரோஜனில் ஒரு பங்கு விரையிலிருந்து நேராக வருகிறது. மாத்திரையால் ஈஸ்ட்ரோஜன் குறைந்ததும் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பி விரையை இன்னும் முடுக்கிவிடும். அதனால் ஆண்களுக்கு அந்த மாத்திரை தேவைப்படும்போது, விரையை அடக்கும் ஊசியையும் சேர்த்தே தருகிறார்கள். 2019 ஏப்ரலில் பால்போசிக்ளிப் என்ற மருந்தை ஆண்களுக்கும் அமெரிக்க மருந்து நிர்வாகம் அனுமதித்தது. ஆண்களை வைத்து நடந்த ஆய்வு இல்லாததால், அந்த மருந்தை ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்த ஆண்களின் மருத்துவமனைப் பதிவுகளைச் சான்றாக எடுத்துக்கொண்டார்கள். மறுவருடம், மார்பகப் புற்றுநோய் மருந்து ஆய்வுகளில் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்று அதே நிர்வாகம் வழிகாட்டுதல் வெளியிட்டது. கதவு தாமதமாகத் திறந்திருக்கிறது, திறந்ததே நல்லது.

குடும்பத்துக்குச் சேர வேண்டிய செய்தி

ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்தால், அவர் எந்த வயதினராக இருந்தாலும் மரபணுப் பரிசோதனை செய்துகொள்வது நல்லது என்பது இன்று உலகமெங்கும் மருத்துவர்கள் ஏற்றுக்கொண்ட நெறி. ஏனென்றால் அந்த அறிக்கை அவரோடு முடிவதில்லை. பிழை இருந்தால் அவர் அக்கா தங்கைக்கும் அண்ணன் தம்பிக்கும் அது இருக்கலாம். மகளுக்கு இருந்தால் மார்பகம், சினைப்பை இரண்டையும் இளமையிலிருந்தே கண்காணிக்கலாம். மகனுக்கு இருந்தால் அவன் தன் மார்பையும் பிராஸ்டேட்டையும் கவனித்துக்கொள்ளலாம். அப்பா கூச்சப்பட்டு மறைத்துவிட்டால், மகளுக்குத் தன் ஆபத்து தெரியாமலே போய்விடும். வீட்டில் பெண்களின் நோயைப் பற்றி மருத்துவர் கேட்கும்போது, ‘அப்பா பக்கத்தில் யாருக்காவது?’ என்ற கேள்விக்கும் உண்மையான பதில் கிடைக்க வேண்டும், அப்பாவையும் சேர்த்து.

அக்டோபர் மாதம் வந்தால் ஊரெங்கும் இளஞ்சிவப்பு ரிப்பன்கள் தொங்குகின்றன. கல்லூரிகளில் கூட்டம் நடக்கிறது, மாணவிகள் உட்கார்ந்து கேட்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்கு மாணவர்களையும் அழைக்க வேண்டும். ஆலையிலும் பேருந்துப் பணிமனையிலும் வயதான ஆண்கள் கூடும் இடங்களிலும் இதைப் பேச வேண்டும். ஆண்களுக்கும் வரும் என்ற ஒரே வரி காதில் விழுந்திருந்தால், காம்புக்கடியில் கட்டியைத் தொட்டுணர்ந்த அன்றைக்கே ஒருவர் கிளம்பியிருப்பார்.

மருத்துவரிடம் போகும்போது ஒரு கேள்வியையும் எடுத்துச் செல்லுங்கள். இந்த நோயை ஆண்களிடம் அடிக்கடி பார்த்திராத மருத்துவருக்கும் அது முதலில் தோன்றாமல் போகலாம். ஆகவே நீங்களே கேளுங்கள்: ‘டாக்டர், இது மார்பகப் புற்றுநோயாக இருக்குமா? இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?’ பரிசோதனை அறிக்கையோடு பதில் வரும்வரை அந்தக் கேள்வியை விடாதீர்கள்.